பல்பு வாங்கும் முன் டூமுக்குள் எட்டிப் பாருங்கள்



எஸ்யூவி வைத்திருக்கும் யாரிடமாவது மைலேஜ் என்ன என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்வார்கள். சன்ரூஃப் உண்டா, பின்சீட்டுக்குத் தனி ஏசி உண்டா, டிக்கியில் எத்தனை பெட்டி பிடிக்கும் எல்லாம் தெரியும். ‘உங்கள் வண்டியில் என்ன ஹெட்லைட்?’ என்று கேளுங்கள். அங்கேதான் பேச்சு தடுமாறும். ‘வெள்ளையா எரியுதே, எல்இடியாத்தான் இருக்கும்’ என்பார் ஒருவர். ‘புரொஜெக்டர்னு சொல்லித்தான் வித்தாங்க’ என்பார் இன்னொருவர்.

அது மெக்கானிக் பார்த்துக்கொள்கிற விஷயம், நமக்கு எதற்கு என்கிறீர்களா?

இரவில் பல்பு ஃபியூஸ் ஆகும்போது, வாசலில் நிறுத்திய வண்டியின் ஹெட்லைட் டூமை யாரோ இடித்து உடைக்கும்போது, ஆக்சஸரீஸ் கடைப் பையன் ‘சார், எல்இடி போட்டுருங்க, பகல் மாதிரி இருக்கும்’ என்று சொல்லும்போது, பணம் போவது நம் பையிலிருந்துதான். அப்போது நம் வண்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

குழப்பம் ஷோரூமிலேயே தொடங்கிவிடுகிறது. வண்டியின் முகத்தில் புருவம் போல வெள்ளைக் கோடு ஒன்று பகலிலும் எரிகிறதே, அது ஹெட்லைட் அல்ல. அதன் பெயர் டிஆர்எல். எதிரில் வருபவர் நம் வண்டியைப் பார்ப்பதற்காக வைத்தது. நமக்குச் சாலையைக் காட்டுவதற்கு அல்ல. அந்தக் கோடு எல்இடி என்பதால் ஹெட்லைட்டும் எல்இடி என்று ஆகிவிடாது. உள்ளே மஞ்சள் ஹாலஜன் பல்பு உட்கார்ந்திருக்கும் வண்டிகள் ஏராளம்.

அதற்கு மேல், ஒரே மாடலில் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் லைட் மாறும். 2020-ல் வந்த ஹூண்டாய் கிரெட்டாவில் கீழ் வேரியன்ட்டுகளுக்கு ஹாலஜன், மேல் வேரியன்ட்டுகளுக்கு எல்இடி. அதே ஆண்டு வந்த மூன்று கதவு மஹிந்திரா தாரில் வட்ட ஹாலஜன். 2024-ல் வந்த தார் ராக்ஸில் எல்இடி. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதே வண்டிதான் இருக்கிறது என்று அவர் வாங்கிய பல்பையே வாங்கி வந்தால் பொருந்தும் என்று நிச்சயமில்லை.

இன்னொரு குழப்பம் ‘புரொஜெக்டர்’ என்ற பெயரால் வருவது. பலரும் அதை எல்இடிக்கு அண்ணன் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வெளிச்சத்தை உண்டாக்குவது எது? அந்த வெளிச்சத்தைச் சேர்த்துச் சாலைக்கு அனுப்புவது எது?

முதல் கேள்விக்குப் பதில் ஹாலஜன், எச்ஐடி எனப்படும் செனான், எல்இடி இவற்றில் ஒன்றாக இருக்கும். இரண்டாவதற்குப் பதில் ரிஃப்ளெக்டர் அல்லது புரொஜெக்டர். ஹாலஜன் பல்பு புரொஜெக்டருக்குள்ளும் இருக்கலாம், எல்இடி சாதாரண ரிஃப்ளெக்டரிலும் இருக்கலாம். ‘புரொஜெக்டர் ஹெட்லேம்ப்’ என்று மட்டும் பிரவுச்சரில் போட்டிருந்தால் பாதிக் கேள்விக்குத்தான் விடை தந்திருக்கிறார்கள். மீதிப் பாதியை நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கழுவும்போது, லைட்டை அணைத்துவிட்டு முன்னால் குனிந்து டூமுக்குள் பாருங்கள். பளபளக்கும் கிண்ணமும் அதன் நடுவே சின்னக் கண்ணாடி பல்பும் தெரிந்தால் ஹாலஜன் ரிஃப்ளெக்டர். உள்ளே தடித்த, உருண்டையான கண்ணாடி லென்ஸ் ஒன்று முட்டிக்கொண்டு நின்றால் புரொஜெக்டர். கிண்ணம் இருக்கிறது, அதற்குள் பல்பையே காணோம் என்றால் அது எல்இடி ரிஃப்ளெக்டராக இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு மாலையில், இருட்டியதும், சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி டிம்மில் போடுங்கள். வீட்டில் யாரையாவது வெளியே நிற்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஹாலஜன் இளமஞ்சளாக எரியும். அந்த நேரத்தில் செல்ஃப் அடித்தால் வெளிச்சம் சற்று மங்கி மீளும். எச்ஐடி போட்டவுடன் நீலமாகப் பளிச்சிட்டு, சில நொடிகள் எடுத்துக்கொண்டு முழு வெளிச்சத்துக்கு வரும். எல்இடி போட்ட கணமே முழு வெள்ளையில் நிற்கும்.

சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பையும் பாருங்கள். டிம்மில் ஒரு கோட்டுக்கு மேல் வெளிச்சம் ஏறக் கூடாது. புரொஜெக்டரில் அந்தக் கோடு மிகக் கூர்மையாக விழும். ரிஃப்ளெக்டரில் கொஞ்சம் மங்கிக் கலையும். இரண்டிலுமே இடது பக்கம் மட்டும் கோடு சற்று மேலே ஏறும். இது கோளாறு அல்ல. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். ஓரத்தில் நடந்து போகிறவரையும் பெயர்ப் பலகையையும் காட்டுவதற்கும், வலப்பக்கம் எதிரே வருகிறவர் கண்ணைக் காப்பதற்கும் செய்த ஏற்பாடு. சில புரொஜெக்டர்களில் பிரைட் போட்டால் உள்ளே ‘டக்’ என்று சத்தம் கேட்கும். ஒரே பல்பை வைத்துக்கொண்டு, நடுவிலிருக்கும் தகட்டை இறக்கி ஏற்றி டிம்மும் பிரைட்டும் காட்டுகிற வகை அது.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், குறிப்பாகப் பழைய வண்டி வாங்கும்போது. முந்தைய உரிமையாளர் ஹாலஜன் டூமுக்குள் எல்இடி பல்பைத் திணித்திருக்கலாம். வெள்ளையாகத்தான் எரியும், கம்பெனி எல்இடி என்று புரோக்கரும் சொல்லிவிடுவார். பானெட்டைத் திறந்து டூமின் பின்பக்கம் பாருங்கள். ரப்பர் மூடியைக் கழற்றினால் பல்பின் அடிப்பாகம் தெரியும். அதில் குட்டி ஃபேனோ, வயரோடு தொங்கும் சின்னப் பெட்டியோ இருந்தால் அது கடையில் வாங்கி மாட்டியது. அலுமினிய வெப்பத் தகடுகளோடு எல்லாம் டூமோடு ஒன்றாகச் சேர்ந்து, கழற்றுவதற்குத் தனி பல்பே இல்லாமல் இருந்தால் அது கம்பெனியிலிருந்து வந்த எல்இடி.

ஹாலஜனாக இருந்தால் அடிப்பாகத்திலேயே வகை அச்சாகியிருக்கும். மூன்று பின் இருந்தால் பெரும்பாலும் எச்4. இது 1971-லேயே வந்த வகை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு இழைகள், 60/55 வாட். இரண்டு பின் இருந்தால் எச்7, எச்11, எச்பி3 என்று பல இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் டிம்முக்குத் தனி பல்பு, பிரைட்டுக்குத் தனி பல்பு. பார்வைக்கு ஒரே மாதிரி தெரியும், ஒன்றின் ஹோல்டரில் இன்னொன்று உட்காராது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் பல்பு அட்டவணையும் இருக்கும். அதில் எல்லா வேரியன்ட்டையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள் என்பதால், கையில் இருக்கும் பல்பைப் பார்ப்பதுதான் உறுதி. ஹாலஜனின் கண்ணாடியை மட்டும் வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் ஒட்டிய இடம் அளவுக்கு மீறிச் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும்.

எச்ஐடி நம் ஊர் எஸ்யூவிகளில் குறைவு. டூமின் மேல் மின்னல் குறியோடு எச்சரிக்கை ஸ்டிக்கரும், பக்கத்தில் அதற்கு மின்சாரம் அனுப்பும் பாலஸ்ட் பெட்டியும் இருந்தால் அதுதான். எரியத் தொடங்கும் நொடியில் அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாய்கிறது. அங்கே கை வைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். டூம் கண்ணாடியில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் படிக்கலாம்: ‘டிசிஆர்’ போல ‘டி’-யில் தொடங்கினால் எச்ஐடிக்கென்றே செய்தது. ‘எச்சிஆர்’ என்று இருந்தால் ஹாலஜனாகவும் இருக்கலாம், எல்இடியாகவும் இருக்கலாம். ஆக அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

இவ்வளவு பார்த்து என்ன லாபம் என்று வீட்டுக் கணக்கு பார்ப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

சாதாரண ஹாலஜன் பல்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சின்ன ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் இருக்கும். கம்பெனி எல்இடி பல ஆண்டுகள் உழைக்கும்; ஆனால் போனால் பெரும்பாலும் டூமையே முழுசாக மாற்ற வேண்டும், அதன் விலை பல ஆயிரங்களில். விபத்தில் உடைந்தால் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். தேய்மானம் கழிக்காத ‘நில் டெப்ரிசியேஷன்’ ஆட்-ஆன் எடுத்திருந்தால்தான் அந்த அடி விழாது. மேல் வேரியன்ட் எடுக்கலாமா, அந்த ஆட்-ஆனைப் புதுப்பிக்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. உங்கள் வண்டியில் இருப்பது ஹாலஜன் என்று தெரிந்துவிட்டது. வெளிச்சம் போதவில்லை என்றும் தோன்றுகிறது. எல்இடி பல்பு வாங்கி அதற்குள் மாட்டலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். காரணம் சொல்கிறேன்.

ஹாலஜன் பல்பின் உள்ளே இருக்கும் இழை சில மில்லிமீட்டர் நீளம்தான். அது எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கமெல்லாம் ஒளி விடுகிறது என்பதைக் கணக்கிட்டுத்தான் பின்னால் இருக்கும் கிண்ணத்தை வளைத்திருக்கிறார்கள். எச்4 பல்பை உற்றுப் பாருங்கள்; டிம் இழையின் கீழே குட்டித் தகடு ஒன்று கிண்ணி மாதிரி ஏந்திக்கொண்டிருக்கும். கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்து, எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறாமல் தடுப்பது அதுதான். இழை இருந்த இடத்தில் இரண்டு பக்கம் மட்டும் ஒளி விடும் தட்டையான எல்இடியைக் கொண்டு போய் வைத்தால் இந்தக் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். வண்டிக்கு முன்னால் பத்து அடியில் பளபளவென்று தெரியும், ஓட்டுகிறவருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும். ஆனால் தூரத்தில் வெளிச்சம் குறைந்திருக்கும். மீதி வெளிச்சம் எங்கே போகிறது? எதிரே வருபவரின் கண்ணுக்கு.

எஸ்யூவியில் இது இரட்டிப்புத் தொல்லை. அதன் லைட் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கிக்கு இரவில் பைக்கில் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மீடியன் இல்லாத சாலை. எதிரே வரும் வெள்ளை வெளிச்சம் போன பிறகும் சில நொடிகள் அவருக்கு ஒன்றும் தெரியாது. வயது கூடக் கூட அந்த நொடிகளும் கூடும். அந்த நேரத்தில் முன்னால் மாடு நிற்கிறதா, கரும்பு வண்டி நிற்கிறதா என்று அவர் எப்படிப் பார்ப்பார்? அந்த பைக்கில் போவது நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம் அல்லவா?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் 106-ஆம் விதி இதைத்தான் சொல்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், சற்று வலப்பக்கமாக, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். பைக் ஓட்டுபவரின் கண் கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவார்கள், நினைவிருக்கிறதா? லாரிகளில் மேல்பாதிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். நோக்கம் இதுவேதான். இன்றைய பிளாஸ்டிக் டூம்களுக்கு அந்த வைத்தியம் பொருந்தாது.

எல்இடி வேண்டாம் என்றால் ‘அப்ப 100/90 போட்டுக்கங்க’ என்று இன்னொரு யோசனை வரும். எச்4 ஹோல்டரில் அந்த பல்பும் உட்காரும். ஆனால் 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பது நாலரை ஆம்பியர் சொச்சம். 100 வாட் பல்பு எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி போட்ட மெல்லிய வயர் அதைத் தாங்கும் என்று யார் சொன்னது? உருகிப்போன ஹோல்டர்களை எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கேட்டாலும் காட்டுவார்.

அப்படியென்றால் மங்கலான வெளிச்சத்தோடே காலத்தை ஓட்டுவதா? இல்லை. பழி பல்பின் மேல் இருக்கும், குற்றம் வேறு எங்காவது இருக்கும். முதலில் டூமின் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வருஷக்கணக்காக வெயிலில் நின்ற வண்டியில் அது மஞ்சளாகிப் பால் படர்ந்திருக்கும். பற்பசை தேய்த்தால் பளிச்சென்று ஆகும், உண்மைதான். சில மாதங்களில் முன்னைவிட மோசமாகிவிடும், ஏனென்றால் மேலே இருக்கும் புறஊதா தடுப்புப் பூச்சும் அதோடு போய்விடுகிறது. பாலிஷ் செய்து மறுபடியும் பூச்சு போட்டுத் தரும் கடையில் கொடுங்கள். ஹாலஜன் பல்பும் எரிய எரிய மங்கும். ஒன்று போனால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. எர்த் கனெக்‌ஷன் துருப்பிடித்தாலும் வெளிச்சம் குறையும்.

இவற்றைவிட முக்கியம் என்று நான் நினைப்பது, ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் பல வண்டிகளில் இருக்கும் அந்தச் சின்ன திருகு. 0, 1, 2, 3 என்று போட்டிருக்கும். அது எதற்கு என்று பலருக்கும் தெரியாது. 3-ல் வைத்தால் வெளிச்சம் கூடும் என்று நினைப்பவர்கள்கூட உண்டு.

அது லைட்டின் கோணத்தை மாற்றும் திருகு. ஓட்டுநர் தனியாகவோ, பக்கத்தில் ஒருவரோடோ போனால் 0. பின்னால் பாரம் ஏற ஏற எண்ணைக் கூட்ட வேண்டும். வெளிச்சம் கீழே இறங்கும். சொந்த ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தை யோசித்துப் பாருங்கள். பின்சீட்டில் தாத்தா, பாட்டி, நடுவில் பேரன். டிக்கியில் அரிசி மூட்டை, தேங்காய், அம்மா கட்டாயப்படுத்தி ஏற்றிவிட்ட பலாப்பழம். வண்டியின் பின்பக்கம் இறங்கும், மூக்கு நிமிரும்.

எவ்வளவு இறங்கினால் தப்பு தெரியுமா? டிம் வெளிச்சம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில், அதாவது 10 மீட்டர் தூரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே இறங்கும்படி வைக்கப்பட்டிருக்கும். கிரெட்டா போன்ற வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய 2.6 மீட்டர். பின்பக்கம் வெறும் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கினாலே அந்தச் சரிவு காணாமல் போய், வெளிச்சம் தரைக்கு இணையாக ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் டிம்மில்தான் போவீர்கள். எதிரே வருபவர் ‘டிம் அடிக்க மாட்டேங்கிறானே’ என்று திட்டிக்கொண்டு போவார். திருகை இரண்டு எண் திருப்பியிருந்தால் தீர்ந்திருக்கும். காசு ஒன்றும் செலவில்லை.

எல்இடி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் நமக்கு இந்தக் கவலை இல்லை என்று இருந்துவிட வேண்டாம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2016-ல் 21 சிறிய எஸ்யூவிகளின் ஹெட்லைட்டை இருட்டில் ஓட்டிச் சோதித்தது. ஒன்றுகூட ‘நல்லது’ என்ற தரத்தை எட்டவில்லை. அவற்றில் ஹாலஜனும் உண்டு, எச்ஐடியும் எல்இடியும் உண்டு. பல்பின் வகையைப் போலவே கோணமும் முக்கியம். சர்வீசுக்கு விடும்போது, ‘ஹெட்லைட் அலைன்மென்ட் பார்த்துடுங்க’ என்று ஜாப் கார்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள்.

இன்னும் நல்ல வெளிச்சம் வேண்டும், செலவு செய்யவும் தயார் என்பவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. அதே 60/55 வாட்டில், நல்ல கம்பெனியின் கூடுதல் வெளிச்சம் தரும் ஹாலஜன் பல்புகள் கிடைக்கின்றன. ஆயுள் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அதுவும் போதாது என்றால் உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டுக்கு வரும் டூம் உங்கள் வண்டியின் வயரிங்குக்குப் பொருந்துமா என்று டீலரிடம் கேளுங்கள். சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடையானாலும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையானாலும், வயரை வெட்டி ஒட்டித்தான் மாட்ட வேண்டும் என்று சொன்னால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த வாரமே ஒரு மாலை, சுவர் முன்னால் வண்டியை நிறுத்திப் பார்த்துவிடுங்கள். என்ன வகை, என்ன எண் என்று தெரிந்ததும் ஆர்.சி. வைத்திருக்கும் கவரிலேயே ஒரு சீட்டில் எழுதிவைப்பதற்குப் பதிலாக, வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவைத்துவிடுங்கள். ஹாலஜன் வண்டி என்றால் அதே எண்ணில் ஒரு ஜோடி பல்பு வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள். அடுத்த தடவை ஊருக்குக் கிளம்பும்போது, சீட் பெல்ட் போட்ட கையோடு அந்தத் திருகையும் ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்